கோணல் சால்

விதைப்புக் காலத்தில் எங்கள் கடைத் தொலைபேசி
இரவு பதினோரு மணிக்கு மேல் அடித்தால்
விதைக்குழாய் அடைத்திருக்கும்,
இல்லை, யாரோ தூங்கிப்போய் வேலியில் ஏறியிருப்பார்கள்.
அந்த மே மாத வெள்ளிக்கிழமை மட்டும்
பதினேழு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்:
நான் எங்கே இருக்கிறேன்?

இப்படிக் கேட்கவில்லைதான்.
மார்லின் ஃபெர் கேட்டது:
"வீட்டை விட அதிக விலை கொடுத்து வாங்கிய வண்டி
ஏன் குடித்தவன் மாதிரி நடக்கிறது?"
ஒலேசியா ப்ரோகோப்சுக் உக்ரேனிய மொழியில் கேட்டாள்.
எனக்கு அதில் வசவுகள் மட்டும் புரியும்.
எல்லாமே புரிந்தது.

ஆண்டெனாவைத் துடையுங்கள் என்றேன்.
அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றேன்.
எட்டாவது அழைப்புக்குப் பிறகு
வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன்.

பீட்ரூட் வெந்த தண்ணீர் போல வானம்.
தானியக் கிடங்கின் தகரக் கூரை வரை சிவப்பு.
புயல் என்றுதான் பெயர்.
கம்பியில் காயப்போட்டிருந்த என் வேலைச்சட்டை
கையைக்கூட அசைக்கவில்லை.

ஒன்றரை நாளுக்கு முன் சூரியன் உதறியது
பூமியின் காந்தத்தில் வந்து மோதியிருக்கிறது.
விமானங்களுக்கெல்லாம் வெகு மேலே
பகல் வெயில் அணுக்களைப் பிய்த்து
எலக்ட்ரான்களாக இறைத்துவிட்டுப் போன
மெல்லிய படலம் ஒன்று உண்டு, அயனி மண்டலம்.
மற்ற இரவுகளில் அது ஆறிய பாலின் ஏடு.
அன்று யாரோ கரண்டியை விட்டார்கள்.
இங்கே திரண்டது, அங்கே கிழிந்தது,
கிழிந்ததும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

செயற்கைக்கோள்கள் பாவம்.
அவை சொல்வது ஒன்றுதான்: இப்போது மணி இன்னது.
அந்தச் சொல் ஏட்டில் சிக்கி வந்தது.
ஒரு நொடியைப் பத்துக் கோடியாக நறுக்கி
அதில் ஒரு துண்டு தாமதமானால்
தரையில் பத்தடி.
பிழை திருத்தத்தானே எங்கள் கோபுரம் இருக்கிறது என்பீர்கள்.
பன்னிரண்டு மைல் தள்ளி நிற்கும் கோபுரத்துக்கு ஒரு வானம்,
வண்டிக்கு வேறு வானம்.
எதை வைத்து எதைத் திருத்துவது?

மழை பொய்த்த வானத்தை
சஸ்காட்செவான் பார்த்திருக்கிறது.
அதற்குக் காப்பீடு உண்டு, நீல நிறப் படிவம்.
இடம் பொய்த்த வானத்துக்கு
எந்த இழுப்பறையிலும் படிவம் இல்லை.

ஒலேசியா எஞ்சினை நிறுத்திவிட்டு
வண்டியின் மூக்கின் மேல் படுத்துக்கொண்டாளாம்.
மார்லினால் முடியாது. ஞாயிறு மழை.
ஒன்பது வருஷமாக அந்த ஸ்டியரிங்கின் மேல்
அவர் வைத்தது சாண்ட்விச் மட்டும்.
"பிடித்துத்தான் ஓட்ட வேண்டும்" என்றேன்.
"வைக்காதே" என்றார். தொலைபேசியை.
இரண்டு மணி நேரம் நான் கேட்டது டீசல் சத்தம்.
நடுவில் ஒரு தரம்,
"பச்சையாகிறது."
மறுபடி டீசல்.

ஜூலையில் அந்த வழியாகப் போனேன்.
முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள்.
இவருக்கு முதலும் நேர், முடிவும் நேர்,
நடுவில் மட்டும் அறுபதடி அகலத்துக்கு
எழுபத்திரண்டு சாலும் சேர்ந்து நெளிந்திருந்தன.
இரண்டு நடைகளுக்கு நடுவே விட்டுப்போன நிலத்தில்
முள்செடி பூத்திருந்தது.
இறங்கி அளந்தேன். என் காலடியில் ஒன்பது.
கண்ணுக்குத் தெரியாத ஒன்று
அன்றிரவு எப்படி அலைந்தது என்று
இதைவிடப் பெரிய தாளில் யாரும் வரைந்திருக்க மாட்டார்கள்.
மார்லினிடம் சொல்லவில்லை. அடித்திருப்பார்.

கோதுமைக்குக் கோணல் தெரியாது.
அறுத்து, விற்று, பனி விழுந்து மூடியது.

அடுத்த மே. பதினொன்றே கால்.
"அடைப்பா?" என்றேன்.
"இல்லை. அரிதாள் வரிகளுக்கு நடுவே
நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டிருந்த வண்டி
இப்போது தாள் மேல் ஏறி இறங்குகிறது, கேட்கிறதா?"
கேட்டது. நறநறவென்று.
"வானம் எப்படி?"
"கறுப்பு. ஒன்றுமில்லை.
நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்."