மூன்று கிலோ இருநூறு

பத்து மாவுங் பட்டறையில்
படகு சரிவில் ஏறியதும் முதல் வேலை என்னுடையது.
அதன் வயிற்றுக்கடியில் நீலத் தார்ப்பாயை விரிக்க வேண்டும்.
நான்கு ஓரமும் சுருட்டி மணல்மூட்டை வைக்க வேண்டும்.
பிறகுதான் ரொக்கோன் சுரண்டியைத் தொடுவான்.

சிவப்பாக உதிரும்.
பூட்ஸுக்குள் போகும்.
முகமூடியைத் தாண்டி
இரவில் மூக்குச் சிந்தினால் கைக்குட்டையில் வரும்.
சிப்பி ஒட்டாதிருக்கச் செம்பு கலந்த பூச்சு அது.
ஒட்ட வராத சிப்பியையும் விடுவதில்லை.

கூட்டி, அள்ளி, சாக்கில் கட்டி, நிறுத்து,
டிரம்மில் போட்டு மூடியை இறுக்கி
மஞ்சள் சீட்டு ஒட்டுவேன்.
பேரேட்டில் தேதி, படகின் பெயர், எடை.
நூற்றெண்பது நாளுக்குள் லாரி வர வேண்டும்.
லாரிக்காரர் கையெழுத்துப் போடுவார், நானும் போடுவேன்.

கூ தவுக்கே முதலில் சிரித்தார்,
"குப்பைக்குமா தராசு?"
பக்கத்துப் பட்டறைக்கு அபராதம் வந்த வாரம்
அவரே ஒன்று வாங்கி வந்தார்.
மீன் சந்தையில் பழையது.
எத்தனை கழுவியும் நாறுகிறது.

போன வியாழன் 'ஹோக் செங்' மேலே இருந்தது.
பாதி வயிறு சுரண்டியாகிவிட்டது.
நான்கு மணிக்கு இரண்டாம் பாலத்துக்கு மேல்
வானம் அடிப்பிடித்தது.
காற்று முதலில் வந்தது.
தார்ப்பாய் ஒரு மூலையில் எழுந்து நின்றது.
ரொக்கோன் அதன்மேல் குப்புற விழுந்தான்.
ஹஸ்னுல் வெல்டிங் கண்ணாடியோடு ஓடி வந்து
அடுத்த மூலையில் விழுந்தான்.
நான் துடைப்பத்தை எறிந்துவிட்டு
மூன்றாவதில் உட்கார்ந்தேன். அறுபத்தெட்டு கிலோ.
இது போதவில்லையே என்று நான் நினைத்தது
வாழ்க்கையில் அன்றுதான்.

நான்காவது மூலைக்கு ஆள் இல்லை.

மழை.

சரிவில் சிவப்பாக ஒரு நூல் இறங்கியது,
அவசரமே இல்லாமல்.
உறிஞ்சு துணிச்சுருளை உருட்டிவிட்டோம்,
மணலைக் கொட்டினோம்,
ஹஸ்னுல் தன் சட்டையைக் கழற்றிக்கூடப் போட்டான்.
அது யாரிடமும் வழி கேட்கவில்லை.
அலை ஒரு முறை சிவந்தது.
அடுத்த முறை இல்லை.
அவ்வளவுதான், பார்ப்பதற்கு இருந்தது.

மறுநாள் உலர்த்தி நிறுத்தேன்.
இந்த அளவுப் படகில்
பாதிக்குப் பதினொரு கிலோ வரும்.
வந்தது ஏழு எண்ணூறு.

"அதையே எழுது," என்றார் தவுக்கே.
"பாதிகூட சுரண்டலன்னு வச்சுக்கோ. யாருக்குத் தெரியும்?"
யாருக்கும் தெரியாதுதான்.
கெட்டவர் இல்லை அவர்,
சம்பளம் ஒரு நாள் தள்ளியதில்லை.
ஆனால் இரண்டு வருடமாக
கொய்த்தியாவ் வாங்கிவரச் சொல்லும்போதெல்லாம்
சிப்பி வேண்டாம் என்கிறார்.
ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

எழுதினேன்.
ஹோக் செங். டிரம் ஆறு. ஏழு எண்ணூறு.
அதன் கீழே இன்னொரு வரி.
ஹோக் செங். கடல். மூன்று கிலோ இருநூறு.
'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்' என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.

தவுக்கே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.
கிழிக்கவில்லை.
சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி
ஒரு தொட்டியில் விட எவ்வளவு ஆகும் என்றார்.
சொன்னேன்.
அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்.
அடுத்த மாதத்துக்குள் ஒன்பது படகு வரும்.
அதையும் சொன்னேன்.
போன் வந்தது, எழுந்து போய்விட்டார்.

அதுவரைக்கும்
நான்காவது மூலையில்
ஓடாத டீசல் எஞ்சின் ஒன்றை
மூவருமாக உருட்டி வந்து உட்கார வைத்திருக்கிறோம்.
அதுவும் சொட்டுகிறது.
அதற்கடியில் ஒரு தட்டு.