சனிக்கிழமைச் சாக்கு

வெள்ளக்கோவில் தாண்டி முத்தூர் ரோட்டில்
ஏழு ஏக்கர் களம்.
பிளந்த காய்கள் வானம் பார்த்துக் கிடக்கின்றன.
வெயிலுக்குக் கூலி கிடையாது,
அது பாட்டுக்கு வேலை செய்கிறது.

எனக்குப் பருப்பு வேண்டாம்,
தொட்டி மட்டும், நாலு கிலோ, நார் இல்லாமல்,
ஒரே தோப்புக் காயாக இருந்தால் நல்லது
என்றேன்.
அரிவாளை நிறுத்தாமல் பழனாள் கேட்டாள்:
"தொட்டீல போயி சாதி பாக்கறயா கண்ணு?"

பெருந்துறைக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன்.
கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.

இடித்தேன். சலித்தேன்.
ஐந்நூறு டிகிரியில் கரியாக்கினேன்.
(இதையே குழி வெட்டிச் செய்கிற ஊரில்
கிணற்றுத் தண்ணீர் வரக்காப்பி நிறம்.)
அமிலத்தில் கழுவினேன்,
ஆர்கான் ஓடும் குழாய் உலையில்
ஆயிரத்து இருநூறுக்கு ஏற்றினேன்.

பென்சில் கரி போலப் பணிந்து அடுக்காகாது
தொட்டிக்கரி.
சீர் வரிசையில் மனஸ்தாபமான சம்பந்திகள்
ஒரே பந்தியில் முகம் திருப்பி உட்கார்ந்தாற்போல
ஏடுகள் கோணிக்கொண்டு கிடக்கும்.
அந்தக் கோணல்தான் எங்களுக்கு வேண்டும்.
ஆளுக்கு ஆள் விட்ட சந்தில்தான்
சோடியம் வந்து உட்காரும், எழுந்து போகும்,
வந்து உட்காரும்.
வேறெங்கோ மலையைக் குடைய வேண்டியதில்லை,
அடுப்படி உப்பில் இருக்கிற அதே சோடியம்.

ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு செல்.
கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புக் கையுறையை நுழைத்து
மூச்சைப் பிடித்து மூடினேன்.

முதல் சுற்றில்
நூறு போனது, எண்பது திரும்பியது.
இருபது கரியோடு தங்கிவிட்டது.
முதல் சுற்று இழப்பு என்று பெயர் அதற்கு,
எல்லோருக்கும் உண்டு,
கட்டுரையில் ஒரே ஒரு வரி.
இரண்டாவதிலிருந்து
போனது வந்தது, வந்தது போனது.
முந்நூறைத் தொட்ட அன்று
துறைத்தலைவர் ஜிலேபி வாங்கிவரச் சொன்னார்.

பிறகு கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று
மாதம் பன்னிரண்டு டன் கேட்டது.

மூன்றாம் தடவை போனபோது
களத்துக்காரர் சாமியப்பன் நாற்காலி போட்டார்,
இளநி வெட்டச் சொன்னார்.
"இனிமே கழிவுன்னு எழுதாதீங்க மேடம்,
மகாலட்சுமிங்க அது."
தொட்டி அம்பாரத்தைச் சுற்றிக் கம்பிவேலி,
மூலையில் கேமரா.

பழனாளுக்குச் சனிக்கிழமை தோறும்
கூலியோடு ஒரு சாக்கு உடைதொட்டி உண்டு.
பொடக்காளி அடுப்பில்
செவ்வாய் வரை வெந்நி, சோறு.
மூன்று வாரமாக நின்றுபோச்சாம்.
இதை அவள் என்னிடம் சொல்லவில்லை,
பக்கத்தில் உட்கார்ந்து காய் உடைத்த ராமாள் சொன்னாள்.

பையிலிருந்த செல்லை எடுத்து
ஒரு குட்டி விளக்கில் மாட்டினேன்.
பட்டப்பகலில் அது எரிவது தெரியவில்லை.
பழனாள் முந்தானையால் மறைத்து, உள்ளே குனிந்து பார்த்தாள்.
"செகப்பா இருக்குது" என்றாள்.
பிறகு:
"இதுக்கு எத்தன தொட்டி புடிச்சுது?"
"நகத்தளவு."
"அப்ப மிச்சம்?"

நான் டன் கணக்கு சொன்னேன்,
ஏற்றுமதி சொன்னேன்,
ராத்திரியிலும் எரியப்போகிற பகல் வெயிலைப் பற்றிச் சொன்னேன்.
சாக்கு மேல் சாக்கு.
அவளுக்கு வேண்டிய சாக்கு அதில் ஒன்றும் இல்லை.
முத்தூர் பஸ் ஹாரன் அடித்தது.
"ஓடு கண்ணு, அடுத்த வண்டி நாலரைக்குத்தான்."

ராத்திரி பதினொன்று.
செல் ஓடிக்கொண்டிருக்கிறது, நானூற்றுப் பதினாறாம் சுற்று.
திரையில் கோடு ஏறி இறங்குகிறது,
ஒரு பிசிறும் இல்லை.
நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்து:
மூலப்பொருள், தேங்காய்த் தொட்டி.
வகை, கழிவு.
விலை, இல்லை.

அடிக்கலாம் என்று பேனாவை வைத்தேன்.
என்ன எழுதுவது என்று யோசிப்பதற்குள்
மை ஊறி
கடுகளவு ஒரு கறுப்பு விழுந்துவிட்டது.