பதினேழாம் நம்பர் மஞ்சள்

பாலத்துக்குக் கீழே நீளச் சுவர்.
சுவர் முழுக்கச் சோக்குக் கோடு,
கோட்டுக்குள்ளே எண்கள்.
"பதினேழு உங்களுக்கு" என்றாள் ஷனீஸ்.
தயிர் டப்பா ஒன்றைக் கையில் தந்தாள்.
அதில் மஞ்சள்.

என்ன படம் என்று கேட்டேன்.
கிட்ட நின்றால் தெரியாது என்றாள்.

இரவு முழுக்கப் பெட்டி அடுக்கிய முதுகு.
படுக்கப் போகிற வழியில்
நிழலுக்குத்தான் ஒதுங்கினேன்.

பக்கத்துப் பதினெட்டில் மரிவிக்.
அவளது பச்சை வழிந்து
என் மஞ்சளுக்குள் இறங்கியது.
சொறி என்றாள்.
பதிலுக்கு என் தூரிகையும்
அவள் எல்லைக்குள் தவறியது.
அது தவறியதல்ல.
இருவருக்கும் தெரியும்.

ஆறு வருடமாக ஒரே கட்டடம், ஒரே லிஃப்ட்.
அவளுக்குப் பதினொன்று, எனக்கு ஒன்பது.
கதவுக்கு மேலே மாறும் எண்களைத்தான்
இவ்வளவு காலமும் சேர்ந்து பார்த்திருக்கிறோம்.

மேலே லொறி ஓடும்போதெல்லாம்
சுவர் நடுங்கும்; எல்லோர் கையும் நிற்கும்.
அப்திரிசாக் மட்டும் நிறுத்தமாட்டான்.
எட்டு வயது. மூன்றாம் நம்பர். வெள்ளி நிறம்.
எல்லாம் நிரப்பியவன்
அந்த மூன்றை மட்டும் அப்படியே விட்டான்.
"அதையும் மூடிவிட்டால்
இது என்னுடையது என்று எப்படித் தெரியும்?"
ஷனீஸிடம் அதற்குப் பதில் இல்லை.

செவ்வாய் மாலை, வேலைக்குப் போகையில்,
லோரன்ஸ் பஸ் எதிர்ப்பக்கம்
சிவப்பு விளக்குக்கு நின்றது.

கொக்கு.
பாலத்தளவு கொக்கு,
கோரைக்குள் குனிந்து நிற்கிறது.
அதன் அலகு மஞ்சள்.
அலகில் ஒரு பச்சை நரம்பு,
உலகத்தில் எந்தக் கொக்குக்கும் இல்லாதது.
கவ்விய மீனின் வயிற்றில்
கோணலாக ஒரு மூன்று.

பக்கத்து இருக்கைக்காரர்
ஆரென்றே தெரியாது.
தோளைத் தட்டினேன்.
"அந்த அலகு நான்."

காதிலிருந்த வயரைக் கழற்றினார்.
சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இடது கால் என் மனைவி" என்றார்.
"இரண்டு சனிக்கிழமை."
விளக்கு மாறியது.
இருவரும் கழுத்தைத் திருப்பியபடியே போனோம்,
பெற்றோல் நிலையம் வந்து மறைக்கும்வரை.

மரிவிக்கிடம் சொல்லவேண்டும்
அவளது பச்சை எங்கே போய்ச் சேர்ந்ததென்று.
லிஃப்டில்தான் சொல்லலாம்.
கதை முடியுமுன்
ஒன்பது வந்துவிடும்.
வரட்டும்.
பதினொன்றிலிருந்து இறங்கிக்கொள்கிறேன்.