பதினோராம் வாரம்

மில்வாக்கியில் மார்ச் என்றால் வசந்தமில்லை.
உப்பு தூவிய பனி சேறாகி
மிதியடி தாண்டி வீட்டுக்குள் வந்துவிடும்.
இன்று அதைத் துடைத்தேன்.
துடைத்து முடித்த பிறகுதான் உறைத்தது,
நவம்பருக்குப் பின் துடைப்பது இதுதான் முதல் தடவை.

காலையில் மெர்ல் என் முதுகில் ஒட்டுகிறான்,
கை எட்டாத தோள்பட்டைக்குக் கீழே,
நேற்றைய இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி.
பத்து நொடி உள்ளங்கையால் அழுத்தச் சொல்கிறது தாள்.
சத்தமாக எண்ணுகிறான்.
ஏழில் ஏதோ பேசி, மறந்து,
மறுபடி ஒன்றிலிருந்து.

இந்த மனிதனை இருபத்தாறு குளிர்காலம்
வாசலுக்கு வெளியே நிறுத்தியவள் நான்.
கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒரு சிவப்புப் புள்ளி, ஓர் இருமல்.
இப்போது அதே இலையின் சாறு என் தோலில்.
அறுபதைத் தாண்டியவர்களின் மனச்சோர்வுக்கு
நிகோடின் ஆகுமா என்று பார்க்கிறார்களாம்.
"ஆர்டிஸ், பற்றவைக்கட்டுமா?" என்கிறான் தினமும்.
ஜனவரி முழுக்க நான் சிரிக்கவில்லை.
அவனும் நிறுத்தவில்லை.

சாறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் பசை.
எனக்கு எது என்று எனக்குத் தெரியாது,
கேள்வி கேட்கும் டூவா லோருக்கும் தெரியாது.
தெரிந்த கம்ப்யூட்டர் எந்த மாடியிலோ
வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

டூவா நல்ல பையன்.
"போன வாரம் எதிலாவது மனம் ஒட்டியதா?"
ஆம், இல்லை. இரண்டே கட்டம்.
முப்பத்து மூன்று வருடம் தபால் பிரித்தேன் நான்.
எனக்கு எதிரே இருநூறு அறைகள் இருந்தன,
விலாசமே இல்லாத கடிதத்துக்கும் ஒன்று.

பிறகு திரை.
எழுத்து வந்தால் தட்ட வேண்டும், எக்ஸ் வந்தால் கூடாது.
முதல் நாள் எல்லா எக்ஸையும் தட்டினேன்,
கதவு திறக்காதவன் தட்டுவதைப் போல.

மெர்ல் புகையை விட்டதே இந்தப் பட்டையால்தான்.
அதனால் அவனுக்கு ஓர் அடையாளம் தெரியும்.
"கனவு வந்ததா? கலரில்?
எனக்கு அப்போது ஏரி முழுக்க மாடுகள் நீந்தின."
வரவில்லை என்றேன்.
சரி என்றான்.
கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினான்.

வெறும் பசை என்றே வைத்துக்கொள்வோம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் பெட்டியில் யாருடையதோ ஒரு கடிதம்.
நாற்பத்தாறு நாங்கள். உறையில் அறுபத்து நான்கு.
தபால்காரன் புதியவன், அவசரக்காரன்.
திட்டினேன்.
உரக்க, பெயர் வைத்துத் திட்டினேன்.
மாடியிலிருந்து ஓடிவந்த மெர்ல்
படியிலேயே நின்றுவிட்டான்,
வெகுநாள் கழித்து வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல்
என் கோபத்தைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் தபால்காரனிடமே கொடுத்திருக்கலாம்.
பூட்ஸ் மாட்டினேன்.
அறுபத்து நான்கில் கதவைத் திறந்த பெண்ணின் கையெல்லாம் மாவு.
இரண்டு விரலால் உறையை வாங்கினாள்,
நன்றி என்றாள், சாத்திக்கொண்டாள்.
அவ்வளவுதான்.
திரும்பி வரும் வழியெல்லாம்
வீட்டு எண்களை வாய்விட்டு வாசித்தேன்.
ஐம்பத்தெட்டில் எட்டு ஆணி கழன்று
தலைகீழாகத் தொங்குகிறது. இருந்தும் எட்டுதான்.

டூவாவிடம் சொன்னேன்.
தாளை முன்னும் பின்னும் புரட்டினான்.
"இதற்கு இடமில்லையே, மிஸஸ் ஃபோல்கர்."
"ஓரத்தில் எழுது."
எழுதினான். கோழி கிளறிய கையெழுத்து.
பரவாயில்லை.
இதைவிட மோசமானதையெல்லாம்
சேரவேண்டிய இடத்தில் சேர்த்திருக்கிறேன் நான்.