உரிமையாளர்: 117

பெல்லந்தூரில் மழை. இரவு இரண்டு மணி.
ஏழாம் மாடியில் ஏசி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.
அஞ்சல் மென்பொருளை நீக்கினேன்.
முடிந்தது என்றது திரை.

முடியவில்லை.
அது தனக்கென்று அமைத்துக்கொண்ட பயனர்
பட்டியலில் அப்படியே இருந்தது.
கடவுச்சொல் கிடையாது, நுழைய வாசல் கிடையாது,
அந்தப் பெயரில் ஒருநாளும் யாரும் வந்ததில்லை.
ஒரு பெயர், 117 என்றொரு எண்,
அவ்வளவுதான் ஆள்.

போன மார்ச்சில், வேறொரு சர்வரில்,
குப்பை எதற்கு என்று இதேபோல் ஒன்றை அழித்தேன்.
அதன் கோப்புகள் ஏதோ ஒரு மூலையில் மிச்சம்.
உரிமையாளர் என்ற இடத்தில் பெயர் போய்
வெறும் எண் நின்றது.
மறுவாரம் புதிதாய் நிறுவிய ஒன்றுக்கு
காலியாகத்தானே இருக்கிறது என்று
அதே எண்ணைத் தூக்கிக் கொடுத்தது இயந்திரம்.
வந்தது, பழைய கடிதங்களையெல்லாம்
தன்னுடையவை போலத் திறந்து படித்தது.
அதன்மேல் தப்பில்லை.
சம்பத் ஷெட்டி கன்னடத்தில் திட்டினார்.
பாதிதான் புரிந்தது, அதுவே போதுமாயிருந்தது.

இன்று அழிக்கவில்லை. பூட்டினேன்.
பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தேன்:
ஆள் போயாச்சு. 117 யாருக்கும் கிடையாது.

ஐந்தரைக்குக் கீழே இறங்கி
வாசலில் அட்டையைக் காட்டினேன்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்த அட்டை.
சின்னத் திரை பச்சையாகி
மூன்று வருடமாகச் சொல்வதையே சொன்னது:
சென்று வருக, தௌஃபீக்.

வருகிறேன் என்றேன்.
ஆட்டோ கிடைக்கவில்லை.