நாலாவது நொடி

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
எண்ணிக்கொண்டிருந்தேன்.
கேள்விக்கும் தன் அடுத்த சொல்லுக்கும் நடுவே
சுனிலா டீச்சர் காத்திருந்தது
ஒரு நொடிகூட இல்லை.
நாற்பது நிமிடம், முப்பத்தொரு கேள்வி,
வாய் திறந்தவர்கள் அதே ஐந்து பேர்.

ஆய்வுக் கட்டுரையின் நகலை நீட்டினேன்.
மூன்று நொடி பொறுத்தால் போதுமாம்.
"போர்ஷன் முடியாதே சாரே."

அருமனையில் மறுநாள் மழை.
அப்பாவோடு ரப்பர் வெட்டப் போகாததால்
பெர்ஜின் தூங்கி வழியாமல் இருந்தான்.
சாயங்காலம் நிழல் ஏன் நீளுது?
ஒன்று. இரண்டு.
டீச்சரின் விரல்களில் சாக்பீஸ் நொறுங்கியது.
மூன்று.
வெளியே, கவிழ்க்க மறந்த சிரட்டைகளில்
மழை நிரம்பி வழிந்தது.
"வெயிலு சரிஞ்சுல்லா வருது" என்றான்
ஜூனிலிருந்து பேசாதவன்.

குறித்துக்கொண்டேன்.
ஒரு பையன், ஒரு நாள்.
இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில்
"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?
சரி, அடுத்தது" என்று
நான் தாளைப் புரட்டியபோது
மேசைக்கு அடியில்
சுனிலா டீச்சர்
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு
எதையோ குறித்துக்கொண்டார்.