கொத்தாத இடம்

பெயின்ட்டு மேலேயே ஒட்டிக் கொடுங்க
என்றாள் ஜெசிந்தா.
ஒட்டலாம்.
டைல்ஸ் பசை பெயின்ட்டைப் பிடிக்கும்,
பெயின்ட் சுவரைப் பிடிக்காது.
தங்கச்சிமடத்துக் காற்று அப்படி.
இரண்டு வாடை தாண்டாது,
குளிக்கும்போது தலையில் விழும்.

நம்புவேல் உளியை வைத்தான்.
வழுக்கியது.
வீட்டுக்கு அடிக்கிற பெயின்ட் இல்லை,
படகு நீலம்.
வாங்கினதுல மிச்சம் என்றாள்.
படகு தலைமன்னார்ல கிடக்கு, மூணு வருசமா.
பிறகு டீ போடப் போய்விட்டாள்.

கொத்தினோம்.
சதுர அடிக்கு முப்பது கொத்தாவது விழ வேண்டும்,
பொரிந்த உப்போடு சேர்ந்து உதிர்ந்தது.
நம்புவேலின் இமையில் நீலம்,
டீயின் ஆடையில் நீலம்,
கழுவிவிட்ட தண்ணீர்
வாசல் மணல்வரை நீலமாகப் போய்
அங்கே காணாமல் போனது.

மூன்றாம் நாள் சாயங்காலம்
விரல்முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன்.
எல்லாம் கெட்டி.
கண்ணாடி மாட்டும் ஆணிக்கு நேர் கீழே
ஒன்று மட்டும்
டொக் என்றது.
மறுபடி தட்டினேன். டொக்.
நம்புவேல் குனிந்து
சுத்தமாய் இருந்த கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.
ஜெசிந்தா நிலையில் சாய்ந்து நின்றாள்.

சீட்டில் எழுதிக் கொடுத்தேன்:
நூற்று நாற்பத்தாறு கல்லுக்கு நான் பொறுப்பு.
ஒரு கல்லுக்கு இல்லை.